அழுத்தப்போவது யார்? மேடைப் பட்டனிலிருந்து மீடியா சர்வருக்கு எந்த வழி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்களில் பலர் இப்போது எல்.இ.டி. வாலும் சேர்த்தே வாடகைக்கு விடுகிறார்கள். வாலுக்குப் பின்னால் ஒரு லேப்டாப், அதில் ரெசொலூம் மாதிரி ஒரு மீடியா சர்வர் மென்பொருள்; வாலில் எந்தப் படம் எப்போது வர வேண்டும் என்பதை நடத்துவது அதுதான். ஆபரேட்டர் மவுஸைப் பிடித்து ஓட்டுகிற வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். பள்ளி ஆண்டு விழா, சிவராத்திரி நாட்டியாஞ்சலி, கண்காட்சி என்று வரும்போதுதான் அந்தக் கோரிக்கை வரும்: "மேடையில ஒரு பட்டன் வச்சுக் கொடுங்க, அழுத்துனா அந்தப் படம் வரணும்."

கேட்பது எளிது. ஆனால் பட்டனிலிருந்து சர்வருக்குப் போக அரை டஜன் வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில் அருமையாக வேலை செய்யும், வேறோர் இடத்தில் காலை வாரும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பட்டன், எந்த புரோட்டோகால் (கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி) என்று யோசிப்பதற்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். அழுத்தப்போகிறவர் யார்? சர்வரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பார்? அந்த நொடியில் அவருடைய கை என்ன செய்துகொண்டிருக்கும்? இந்தப் பதில்கள் கிடைத்தாலே பாதி வழிகள் தானாகக் கழிந்துவிடும்.

பிரீசெட் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னணிப் படம், அதன் மேல் வரும் பெயர், கேமரா லைவ் தெரிகிறதா இல்லையா, வெளிச்சம் எவ்வளவு என்று இத்தனையும் சேர்ந்த ஒரு முழு நிலைதான் பிரீசெட். ரெசொலூமில் இதை ஒரு நெடுவரிசையாக அடுக்கி வைக்கலாம். வரிசையின் தலையைத் தொட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் எல்லா லேயரும் ஒன்றாக மாறும். மேக் கம்ப்யூட்டரில் கியூலேப் என்ற மென்பொருளை ஓட்டுபவர்கள் குரூப் கியூவாக, அதாவது பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பாக, வைப்பார்கள். பட்டனை இந்த முழு வரிசையோடுதான் இணைக்க வேண்டும். தனிக் கிளிப்போடு இணைத்தால், முந்தைய நிகழ்ச்சியின் பெயர்ப்பட்டை அடுத்த நடனத்தின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது மாறாது.

லேப்டாப் பக்கத்திலேயே இருப்பவருக்கு

ஆபரேட்டரே அழுத்துகிறார் என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கேட்டதும் பூ தூவுகிற படம் வர வேண்டும், அவ்வளவுதானே. தவில் சத்தமே அவருக்கு சைகை. அதற்காக மேடை வரை கேபிள் இழுத்து ஒரு பெட்டி வைப்பது வீண் செலவு.

இந்த இடத்துக்கு மூன்று தேர்வுகள். மலிவானது யூஎஸ்பி நம்பர் பேட். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அதன் பலவீனம், கம்ப்யூட்டர் அதை வெறும் கீபோர்டாகவே பார்க்கிறது. மீடியா சர்வர் ஜன்னல் முன்னால் இருந்தால் கட்டளை அங்கே போகும். யாராவது ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தால் அங்கே போய் ஒரு எண்ணை டைப் அடித்துவிட்டு நிற்கும். முகூர்த்த நேரத்தில் பெண்வீட்டார் பென்டிரைவோடு வந்து "இந்த போட்டோவையும் போடுங்க தம்பி" என்று நிற்பது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கம் மாறப்போவதில்லை. ஆகவே நம்பர் பேட் அவசரத்துக்கு மட்டும்.

இரண்டாவது மிடி பேட்: நோவேஷன் லாஞ்ச்பேட், அகாய் ஏபிசி மினி போன்றவை. இரண்டிலும் 8க்கு 8 என்று 64 கட்டங்கள். மிடி என்பது 1983-இலிருந்து இருக்கும் பழைய புரோட்டோகால். நொடிக்கு 31,250 பிட் வேகம்தான். ஆனாலும் ஒரு நோட் கட்டளைக்கு மூன்று பைட் போதும் என்பதால் கிட்டத்தட்ட ஒரு மில்லி நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறது என்ற பிரச்சினை இதற்கு இல்லை. எந்தக் கிளிப் ஓடுகிறதோ அந்தக் கட்டத்தின் விளக்கும் எரியும்.

மூன்றாவது எல்கேட்டோ ஸ்ட்ரீம் டெக். சாதாரண மாடலில் 15 பட்டன், ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னத் திரை. "அலாரிப்பு", "வர்ணம்", "நன்றியுரை" என்று தமிழிலேயே எழுதி வைக்கலாம். பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். ஆனால் இதோடு பிட்ஃபோகஸ் கம்பேனியன் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்தால் நிலைமையே வேறு. ஒரே அழுத்தலில் ரெசொலூமில் வரிசை மாறும், பெரிங்கர் எக்ஸ்32 மிக்ஸரில் மைக் மியூட் ஆகும். இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருவர் செய்யலாம். ஆபரேட்டர் கைக்கு எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால், பணம் இருந்தால் இது, இல்லையென்றால் லாஞ்ச்பேட்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரு வேலி உண்டு: யூஎஸ்பி கேபிள். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் வரம்பு. நம் கோயில் திடல்களில் கன்சோல், அதாவது ஆபரேட்டர் உட்காரும் இடம், மேடைக்கு எதிரே, கூட்டத்துக்குப் பின்னால், நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும். அழுத்துபவர் மேடையில் என்றால் மேலே சொன்ன எதுவும் அப்படியே உதவாது.

நட்டுவனார் பக்கத்தில் ஒரு பட்டன்

டெல்டாவில் இந்தக் கேள்வி உண்மையில் கூர்மையாவது நடன மேடையில்தான். தஞ்சை நால்வர் வகுத்துக் கொடுத்த மார்க்கம் இன்றும் அரங்கேற்றங்களின் முதுகெலும்பு: அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. கேட்பதற்கு ஆறு பிரீசெட் போதும் போலத் தோன்றும். ஆனால் வர்ணம் அரை மணி நேரம் போகலாம், அதற்கு மேலும் போகலாம். பல்லவி வரியை எத்தனை தடவை பாடுவது, சஞ்சாரியை (வரியின் பொருளை அபிநயத்தில் விரித்துக் காட்டும் பகுதி) எவ்வளவு விரிப்பது என்பது அன்றைய மேடையில், அன்றைய மனநிலையில் முடிவாகிறது. பக்கவாத்தியம் நேரில் வாசிக்கும்போது டைம்கோடு (முன்கூட்டியே குறித்த நேரக் கணக்கு) வைத்துப் படத்தை ஓட்டவே முடியாது. சிடி போட்டு ஆடும் குழு நடனத்துக்கு டைம்கோடு சரி. நேரடி வாசிப்புக்கு மனிதக் கைதான்.

அந்தக் கை யாருடையது? இடம் தெரிந்தவர் நட்டுவனார். ஆனால் அவருடைய இரண்டு கையிலும் தாளம். காலில் மிதிக்கும் பெடல் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அதுவும் ஆகாது. அதனால் அவருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் சீனியர் மாணவிதான் சரியான ஆள். உருப்படிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கே தீர்மானம் (ஜதிக் கோவை) முடிகிறது, எங்கே சஞ்சாரி தொடங்குகிறது என்பது கன்சோலில் இருக்கும் எந்த ஆபரேட்டரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும். பிரகலாதன் கதையில் இரணியன் தூணை அறைகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கண்ணால் பார்த்து, அப்புறம் அழுத்துவதற்கே ஐந்தில் ஒரு நொடி ஆகிவிடும். ஜதி தெரிந்தவர் அடி விழும் முன்பே விரலைத் தயாராக வைத்திருப்பார். தூண் வெடிக்கும் படம் அடியோடு சேர்ந்தே வரும். வயர்லெஸ்ஸைவிட, விலை உயர்ந்த சர்வரைவிட, சரியான ஆளிடம் பட்டனைக் கொடுப்பதில்தான் அதிகம் லாபம்.

அவரிடம் கொடுக்கும் பட்டன் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. மூன்றே பட்டன்: அடுத்தது, முந்தையது, வெறும் பின்னணி. ஆறு உருப்படிக்கு ஆறு பட்டன் வைத்தால் மேடை இருட்டில் எது எது என்று தேட வேண்டும். பட்டன் அழுத்தும்போது சத்தம் வரக் கூடாது. நட்டுவனார் மைக் ஒரு அடி தள்ளித்தான் இருக்கும், டக் என்கிற சத்தம் திடல் முழுக்கக் கேட்கும். பேனல் பட்டன்களில் டக்கென்று உதைக்கிற ரகம் உண்டு, மெத்தென்று இறங்குகிற ரகமும் உண்டு. கடையில் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். விளக்கு மங்கலாக இருக்கட்டும்.

இந்தப் பெட்டியிலிருந்து கன்சோல் வரை கட்டளையைக் கொண்டுபோக எனக்குப் பிடித்த வழி ஈதர்நெட் கேபிள். கேட்5இ அல்லது கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை போகும்; அறுந்தால் எந்த ஊரிலும் கிடைக்கும், கிரிம்ப் பண்ணவும் ஆள் உண்டு. பெட்டிக்குள் ஈதர்நெட் வசதியுள்ள ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு. அது ஓஎஸ்சி கட்டளையை அனுப்பும்; நெட்வொர்க் வழியாக மேடைக் கருவிகளுக்குக் கட்டளை சொல்லும் புரோட்டோகால் அது. ரெசொலூம் வழக்கமாக 7000-ஆவது போர்ட்டிலும், கியூலேப் 53000-ஆவது போர்ட்டிலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் மேடைப் பக்கம் ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதில் தூரத்து ஸ்ட்ரீம் டெக்கைக் கம்பேனியனோடு இணைக்கும் கம்பேனியன் சேட்டிலைட், அதோடு ஒரு ஸ்ட்ரீம் டெக் என்று வைத்துக்கொள்ளலாம். செலவு கூடும், ஆனால் சாலிடரிங் இரும்பைத் தொட வேண்டியதில்லை.

ஓஎஸ்சி-யில் ஒரு குறை இருக்கிறது. அது பெரும்பாலும் யூடிபி என்ற நெட்வொர்க் முறை வழியாகப் போகும், யூடிபி-யில் போய்ச் சேர்ந்ததா என்ற ரசீது கிடையாது. சரி, மூன்று தடவை அனுப்பிவிடலாம் என்றால், ஒவ்வொரு தடவையும் கிளிப் முதலிலிருந்து தொடங்கி ஒரு துள்ளல் தெரியும். இதற்குச் சரியான தீர்வு விளக்கில் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் பெட்டியே தன் விளக்கை எரிய வைக்கக் கூடாது. பிரீசெட் மாறிய பிறகு சர்வர் திருப்பி அனுப்பும் செய்தியைப் பார்த்துத்தான் எரிய வேண்டும். ரெசொலூமில் ஓஎஸ்சி வெளியீட்டை இயக்கினால் இந்தச் செய்தி வரும். விளக்கு எரிந்தால் படம் மாறிவிட்டது, எரியாவிட்டால் இன்னொரு தடவை அழுத்தலாம். மேடையில் இருப்பவர் திரும்பி வாலைப் பார்க்க முடியாது, அது அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே அந்தச் சின்ன விளக்கு ஒன்றுதான் அவருக்குத் துணை. நான் எந்தப் பெட்டியை ஒப்பிட்டாலும் முதலில் பார்ப்பது இந்த வசதி இருக்கிறதா என்றுதான்.

தாமதம் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நொடிக்கு 60 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேமுக்கே கிட்டத்தட்ட 17 மில்லி நொடி. கேபிள் வழியாகக் கட்டளை அதைவிடச் சீக்கிரம் போய்விடும். நேரத்தைத் தின்பது வீடியோ ஃபைலின் வகை. எச்.264 ஃபைலைத் திறந்து ஓடவிட லேப்டாப் திணறும். அதையே டிஎக்ஸ்வி அல்லது ஹேப் வகைக்கு மாற்றி வைத்தால் கிராஃபிக்ஸ் கார்டே பிரித்துக் காட்டும், தொட்டதும் படம் வரும். அப்புறம் ரெசொலூமில் பீட் ஸ்னேப் என்று ஒன்று இருக்கிறது. முந்தைய நாள் யாராவது டிஜே நிகழ்ச்சிக்காக அதை இயக்கியிருந்தால், எவ்வளவு நல்ல பட்டனாக இருந்தாலும் அடுத்த தாளக் கணக்கு வரும்வரை படம் மாறாது. கிளிப்பின் டிரிக்கர் முறை பியானோ என்று இருந்தால் விரலை எடுத்ததும் படம் போய்விடும். இந்த இரண்டையும் நிகழ்ச்சிக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சிறப்பு விருந்தினர் அழுத்தும் பட்டன்

குத்துவிளக்குக்குப் பதிலாக, அல்லது அதோடு சேர்த்து, சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய பட்டனை அழுத்தி விழாவைத் தொடங்கி வைப்பது இப்போது சாதாரணம். இந்தப் பட்டனின் வேலை முற்றிலும் வேறு. அழுத்துபவருக்கு முன்னோட்டம் கிடையாது, ஒத்திகை கிடையாது. மெல்லத் தொடுவார், ஓங்கித் தட்டுவார், நாலு பேர் சேர்ந்து கை வைப்பார்கள். அப்புறம் புகைப்படக்காரர் "சார், இன்னொரு தடவை, இந்தப் பக்கம் பார்த்து" என்பார். மறுபடி அழுத்துவார்கள். அப்போது தொடக்கப் படம் பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து ஓடினால் அழகாகவா இருக்கும்?

ஆகவே இதற்கு இரண்டு பூட்டு வேண்டும். ஆபரேட்டர் தன் பக்கம் அனுமதி கொடுக்கும் வரை பட்டனுக்கு உயிர் இருக்கக் கூடாது. தொகுப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போது மேஜையைத் துடைக்க வருபவர் கை பட்டுவிடும். ஒருமுறை வேலை செய்ததும் மறுபடி அனுமதி கொடுக்கும் வரை அது ஊமையாகிவிட வேண்டும். கம்பேனியனில் இதை எளிதாகச் செய்யலாம். கியூலேபில் இரண்டு கோ கட்டளைகளுக்கு (அடுத்ததைத் தொடங்கு என்பது) இடையே குறைந்தபட்ச இடைவெளி வைக்கும் அமைப்பு தயாராகவே இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், அதே பிரீசெட் ஆபரேட்டர் விரலுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். பட்டன் பேசாமல் போனால் அவர் அழுத்திவிடுவார், யாருக்கும் தெரியாது. சில இடங்களில் மேடைப் பட்டனை வெறும் பொம்மையாக வைத்துவிட்டு ஆபரேட்டரே பார்த்து அழுத்துவதும் உண்டு. சின்ன விழாவுக்கு அது போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விருந்தினரைச் சுற்றி ஆட்கள் நின்று மறைத்துக்கொண்டால் ஆபரேட்டருக்குக் கை தெரியாது. அதனால் நிஜப் பட்டன், பின்னால் ஆபரேட்டர் காவல் என்பதுதான் என் தேர்வு.

கண்காட்சிக்கும் அருங்காட்சியகத்துக்கும்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம், பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடம் மாதிரியான இடத்தில், பார்வையாளர் பட்டனை அழுத்தினால் ஒரு படம் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஆபரேட்டரே கிடையாது. அழுத்துவது பள்ளிச் சுற்றுலாவில் வந்த குழந்தைகள். விண்டோஸ் லேப்டாப்பை இங்கே வைக்கவே வேண்டாம் என்பேன். அப்டேட் வந்து நின்றால் போய்ப் பார்க்க ஆள் இல்லை. பிரைட்சைன் போன்ற தனிப் பிளேயர் இதற்கென்றே செய்தது. பல மாடல்களில் ஜிபிஐஓ இணைப்பு (பட்டன் வயரை நேரடியாக மாட்டும் இடம்) உண்டு. இரண்டு வயரை அதில் சொருகி, மறுமுனையில் சாதாரண பட்டன். கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுந்து ஓடத் தொடங்கும்.

ஆனால் அந்த "இரண்டு வயர்" விஷயத்தில் கடலோரத்துக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. பூம்புகார், நாகப்பட்டினம், வேதாரண்யம் காற்றில் உப்பு. பேனல் பட்டன்களின் உள்ளே இருக்கும் வெள்ளித் தொடுபரப்பு மெல்ல மெல்லப் படலம் கட்டும். மோட்டார் பேனலில் ஓடும் கரண்ட் அந்தப் படலத்தை ஒவ்வொரு தடவையும் எரித்துவிடுவதால் அங்கே பிரச்சினை தெரியாது. கன்ட்ரோலர் போர்டின் உள்ளீட்டில் ஓடுவதோ ஒரு மில்லிஆம்பியரில் சின்னப் பங்கு. 5 வோல்ட்டும் உள்ளே இருக்கும் 20 முதல் 50 கிலோஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து அவ்வளவுதான் தரும். அந்த மெல்லிய கரண்டால் படலத்தை உடைக்க முடியாது. பட்டன் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. மேடைக்கு நீளமாக வயர் இழுத்தாலும் இதே சர்க்யூட் வேறு விதத்தில் கெடும்: டிம்மரும் (விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) ஜெனரேட்டரும் தரும் மின் இரைச்சல் வயரில் ஏறி, யாரும் தொடாமலேயே பட்டன் அழுத்தியதாகக் காட்டும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து 24 வோல்ட். பட்டன் வழியாக 24 வோல்ட் ஓடட்டும்; மறுமுனையில் 2.2 கிலோஓம் அரை வாட் ரெசிஸ்டரும் பிசி817 ஆப்டோகப்ளரும் (இரண்டு சர்க்யூட்டை மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் இணைக்கும் சிப்). சுமார் 10 மில்லிஆம்பியர் ஓடும், தொடுபரப்பு சுத்தமாக இருக்கும், சின்ன இரைச்சலுக்கு அசையாது, வயரில் ஏதாவது ஏறினாலும் பிளேயர் தப்பித்துக்கொள்ளும். பட்டன் வாங்கும்போது தண்ணீர் புகாத ஐபி67 தரம் கேளுங்கள். தங்க முலாம் பூசிய தொடுபரப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. கன்ட்ரோலர் புரோகிராமில் 20 முதல் 50 மில்லி நொடி வரை துள்ளலைக் கழிக்கும் வரியும் இருக்க வேண்டும். ஒரு அழுத்தலில் உலோகத் தகடு பல தடவை துள்ளும், கழிக்காவிட்டால் படம் ஓடத் தொடங்கி உடனே நிற்கும்.

குழந்தைகள் தொடர்ந்து அழுத்துவார்கள். படம் முடியும் வரை அடுத்த அழுத்தலை ஏற்காமல் விடலாம், அல்லது ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கலாம். ஒரு நிமிடத்துக்குள் முடியும் படம் என்றால் நான் முதல் வகையைத்தான் சொல்வேன். பாதி பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவருக்கும் மரியாதை வேண்டும் அல்லவா.

லைட் கன்சோலிலிருந்தே ஓட்டலாமா

லைட் போடுபவரிடம் ஏற்கெனவே பட்டன் நிறைந்த கன்சோல் இருக்கிறது. அதிலிருந்து டிஎம்எக்ஸ் (மேடை விளக்குகளை இயக்கும் புரோட்டோகால்) அல்லது ஆர்ட்நெட் (அதையே நெட்வொர்க்கில் அனுப்புவது) வழியாக வீடியோவையும் மாற்றினால் ஒரே அழுத்தலில் விளக்கும் படமும் சேர்ந்து மாறும். ரெசொலூமில் இந்த வசதி அரீனா பதிப்பில்தான், அவென்யூவில் இல்லை. வாங்கும் முன் கவனியுங்கள்.

டிஎம்எக்ஸுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மிடியும் ஓஎஸ்சியும் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு ஓய்ந்துவிடும். டிஎம்எக்ஸோ 512 சேனலின் அளவையும் நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல்கூட, ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். சர்வர் நடுவில் விழுந்து எழுந்தாலும் இப்போது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை வயரிலிருந்தே தெரிந்துகொள்ள முடியும். தூரமும் பிரச்சினை இல்லை, நல்ல கேபிளில் 300 மீட்டர் வரை போகும்.

இவ்வளவு இருந்தும் நான் இதை எல்லோருக்கும் சொல்வதில்லை. நம் பக்கத்தில் லைட் ஒருவர், எல்.இ.டி. வால் இன்னொருவர் என்று தனித்தனியாகத்தான் பேசுவார்கள். மதியம் மூன்று மணிக்கு லாரி இறங்கி, ஆறு மணிக்கு விழா. அந்த மூன்று மணி நேரத்தில் இரண்டு முதலாளிகளின் ஆட்கள் உட்கார்ந்து எந்த சேனல் எந்தப் படம் என்று பேசி முடிப்பது கடினம். படம் வராவிட்டால் யார் பொறுப்பு என்ற சண்டை வேறு. லைட்டும் வாலும் ஒரே கடையுடையது என்றால் தயங்காமல் இந்த வழிக்குப் போகலாம். இல்லையென்றால் வேண்டாம்.

வைஃபை பற்றி

வேண்டாம். மதியம் காலித் திடலில் சோதித்தால் அருமையாக வேலை செய்யும். இரவு ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்ததும் கதை மாறும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அவை ஒவ்வொரு போனின் ஹாட்ஸ்பாட்டுக்கும் சொந்தம். போதாக்குறைக்கு மனித உடம்பில் இருக்கும் நீர் அந்த அலையை உறிஞ்சும். டேப்லெட்டில் கம்பேனியன் பக்கத்தைத் திறந்து ஒத்திகையின்போது மேடை முழுக்க நடந்து பார்க்க வைஃபை வசதியானது. விழா தொடங்கும்போது அந்த டேப்லெட்டை ஓரமாக வைத்துவிடுங்கள்.

கரண்ட் போய் வந்தால்

ஒப்பீட்டில் பலரும் விட்டுவிடும் கட்டம் இது. நம் பக்கம் பம்ப்செட் ஸ்டார்ட்டர் தெரியாத ஆள் இல்லை. பச்சையை அழுத்தினால் மோட்டார் ஓடும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது, மறுபடி பச்சையை அழுத்தும்வரை காத்திருக்கும். ஆட்டோ ஸ்விட்ச் மாட்டியிருந்தால் தானாக ஓடத் தொடங்கும். மேடைக்கு முதல் வகை வேண்டும், கண்காட்சிக்கு இரண்டாவது. மேடையில் கரண்ட் வந்ததும் வாலில் நிற்க வேண்டியது ஒரு அமைதியான நிலைப்படம்: விழாப் பெயர், அல்லது வெறும் நிறம். நிகழ்ச்சிப் படம் தானாக ஓடிவிடக் கூடாது. சர்வரின் முதல் வரிசையை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

ஈதர்நெட் வழிக்கு இங்கே ஒரு பலவீனம் இருக்கிறது. லேப்டாப்புக்கு சொந்த பேட்டரி உண்டு, அது விழாது. நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு கிடையாது. மின்வாரிய கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகளில் அது அணைந்து, மறுபடி எழுந்து, இணைப்பைப் பிடிப்பதற்குள் பட்டன் செத்திருக்கும். வீட்டு ரவுட்டருக்கு வைக்கிற 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும். ஸ்விட்சுக்கு 12 வோல்ட் அடாப்டர்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மாறாத ஐபி முகவரி கொடுங்கள். விண்டோஸ் புதிய நெட்வொர்க்கைப் பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டால் ஃபயர்வால் கட்டளையைத் தடுத்துவிடும், அதை பிரைவேட் (Private) என்று மாற்றுங்கள். ஐப்பசி சதய விழா மாதிரி மழை மாதத்தில் வரும் நிகழ்ச்சி என்றால் கேபிள் இணைப்புகளைத் தரையில் விடாமல் உயரத்தில் கட்டி, பிளாஸ்டிக் சுற்றுங்கள்.

சரி, எதை முதலில் வாங்குவது? கல்யாணமும் வரவேற்பும் மட்டுமே செய்பவருக்கு ஒரு லாஞ்ச்பேட் போதும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நாட்டியாஞ்சலி, அரங்கேற்றம், ஆண்டு விழா என்று வருடத்தில் பாதி ஓடுபவர், முதலில் கம்பேனியனும் ஒரு ஸ்ட்ரீம் டெக்கும் வாங்கிக் கைப்பழக்கம் ஆன பிறகு, மூன்று பட்டன் ஈதர்நெட் பெட்டி ஒன்றைச் செய்துகொள்ளட்டும். அதே பெட்டி விருந்தினர் பட்டனுக்கும் உதவும், மேலே பெரிய மூடி மட்டும் மாற்றினால் சரி. கண்காட்சி வேலை எடுப்பவர்கள் மேடைச் சாமானை அங்கே கொண்டுபோக வேண்டாம். தனிப் பிளேயருக்கும் 24 வோல்ட் சர்க்யூட்டுக்கும் கொட்டேஷனிலேயே இடம் வையுங்கள். கொட்டேஷன் கேட்பவர் விலையைக் குறைக்கச் சொன்னால் திரையின் அளவைக் குறையுங்கள், பட்டனின் தரத்தைக் குறைக்காதீர்கள்.